மயக்கத்தில் அளந்த இதயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரில்லாவை விழித்த நிலையில் எக்கோ பரிசோதனைக்கு (ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுப்பது) பழக்குவது 'சர்க்கஸ் வேலை' என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்தால் முடிந்துவிடும் காரியத்துக்கு மாதக்கணக்கில் பழம் கொடுத்துக் கெஞ்சுவானேன் என்பது அவர் கேள்வி. நான் கால்நடை மருத்துவம் படித்தவள் அல்ல. மனிதர்களுக்கு எக்கோ எடுப்பது என் தொழில். 19 வருடங்களாக இருட்டறையில் உட்கார்ந்து இதயங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒருமுறை அறுவை அரங்குக்கு அவசரமாக அழைத்தார்கள். மயக்கத்தில் இருந்த அம்மாளின் இடது கீழறை சுருங்கிய விதத்தைப் பார்த்து எனக்கே கை சில்லிட்டது. கீழறையில் நிறையும் ரத்தத்தில் 40 சதவீதம்தான் வெளியேறுகிறது என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே அம்மாள் வார்டில் சாய்ந்தபடி, தன் மருமகளைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, 58 வந்தது. இரண்டு அளவும் பொய்யில்லை. முதல் நாள் நான் அளந்தது இதயத்தை மட்டுமல்ல, அதன்மேல் ஏறியிருந்த மருந்தையும் சேர்த்து. எந்த மருந்து என்ற வரியே என் அறிக்கையில் இல்லை. அது என் தவறு.

காட்சிசாலைகளில் வாழும் கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான், பொனோபோ ஆகியவற்றின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இதயநோய் முன்னணியில் நிற்கிறது. நமக்கு வருவதுபோல் ரத்தக்குழாய் அடைப்பு அவற்றுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. இதயத் தசைக்குள் நார்த்திசு சிறிது சிறிதாகப் படிந்து தசை விறைத்துப்போகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று அவை சொல்லப்போவதில்லை. ஆகவே அளவுகளை நம்பித்தான் வைத்தியம்.

அந்த அளவுகளை மருந்து என்ன செய்கிறது என்று பாருங்கள். கெட்டமின் என்ற மயக்க மருந்து துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதோடு சேர்த்துப் போடும் மெடெடோமிடின் ரத்தக்குழாய்களை இறுக்கித் துடிப்பை மந்தமாக்கும். இறுகிய குழாய்களுக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயம் சளைத்ததுபோல் தெரியும், நல்ல வால்வில்கூட லேசான கசிவு தென்படலாம். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு இதற்கு நேர்மாறு. குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கிவிடும். விழித்திருக்கும்போது ரத்தக்கொதிப்பு உள்ள விலங்கு மயக்கத்தில் சாதுவான எண்ணைக் காட்டிவிட்டுப் போய்விடும். தூரத்திலிருந்து ஊசியைச் சுட்டிருந்தால் அந்தப் பயத்தின் படபடப்பு வேறு. ஏற்கெனவே நோயுற்ற இதயத்துக்கு மயக்கமே ஆபத்து என்பது தனிக் கதை.

2010-இல் அட்லாண்டா விலங்குக் காட்சிசாலையில் தொடங்கிய 'கிரேட் ஏப் ஹார்ட் புராஜெக்ட்' பல காட்சிசாலைகளின் எக்கோ பதிவுகளைத் திரட்டி, ஆரோக்கியமான இதயம் எப்படியிருக்கும் என்று வரையறுக்க முயல்கிறது. ஓரிடத்தில் ஒரு மருந்து, இன்னோரிடத்தில் வேறு மருந்து என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? அதே காட்சிசாலைக்காக மாணவர்கள் ஒரு ரத்த அழுத்தக் கருவியை வடிவமைத்தார்கள். கொரில்லா தானாகவே அதற்குள் கையை நுழைத்துக்கொள்ளும்.

எக்கோ எடுக்கும் காணொளி ஒன்றையும் பார்த்தேன். கம்பிவலையில் மார்பை அழுத்திக்கொண்டு கொரில்லா நிற்கிறது. இடைவெளி வழியே ஜெல் தடவிய கருவி. கொரில்லா மூச்சை இழுத்ததும் நுரையீரல் குறுக்கே வந்து படம் மறைகிறது. "மூச்சை விட்டு அப்படியே நிறுத்துங்கள்" என்று மனிதரிடம் சொல்வேன். அங்கே எக்கோ எடுக்கும் பெண் காத்திருக்கிறாள், அடுத்த மூச்சில் இரண்டு துடிப்புகளைப் பிடிக்கிறாள். எனக்குக் கை தட்டத் தோன்றியது.

இதனால் மயக்கப் பரிசோதனையை விட்டுவிட முடியாது. பல், எக்ஸ்ரே, முழுமையான எக்கோ எல்லாவற்றுக்கும் அது வேண்டும். விழித்த நிலையில் கிடைக்கும் படங்கள் குறைவு, எல்லா விலங்கும் ஒத்துழைப்பதும் இல்லை. ஆனால் மயக்கத்தில் வந்த எண்ணை எதோடு வைத்துப் பார்ப்பது என்பதற்கு அந்த இரண்டு துடிப்புகள் வேண்டும்.

உங்கள் நாளிதழும் கொரில்லா பரிசோதனை பற்றிய செய்தியில் 'பரிசோதனையில் இதயம் நலம்' என்று ஒரே வரியில் முடித்திருந்தது. அடுத்த முறை என்ன மருந்து, ஊசி போட்டு எத்தனையாவது நிமிடத்தில் அளந்தார்கள் என்று கேட்டு அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் எக்கோ டெக்னீஷியன்