கரடியின் விலா எலும்புகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இடது கண்ணில் புரை எடுத்த பிறகு, வாசிக்கவே கூடாது என்று மகள் போட்ட தடை நேற்றுதான் நீங்கியது. அதனால்தான் தாமதம், கோபிக்காதே. அந்தக் கண் இப்போது பளிச்சென்று தெரிகிறது. வலது கண்ணுக்கு இன்னும் இரண்டு மாதம். நீ பேத்தி பிறந்ததை எழுதினாய், மகிழ்ச்சி. முழங்காலைப் பற்றி ஒரு வரி இல்லை. மாடிப்படி ஏறுகிறாயா, இல்லையா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மருமகன் தினமும் அனுப்புகிற காணொளிகளில், வேதாகமத்தில் தானியேல் தீர்க்கதரிசி சொப்பனத்தில் கண்ட நாலு மிருகங்களை இன்றைய நாடுகளாக்கி, தானியேல் 7ஆம் அதிகாரத்துச் சிங்கம் இங்கிலாந்து, அதிலிருந்து பிடுங்கப்பட்ட கழுகுச் செட்டைகள் அமெரிக்கா, கரடி ரஷ்யா, சிவிங்கி ஜெர்மனி என்று வருகிறதாம். நம்பாவிட்டால் அவிசுவாசி, நம்பினால் முட்டாள், இரண்டில் எது நீ என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த விளையாட்டை நாம் இருவரும் ஆடி முடித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதே!

நினைவிருக்கிறதா, அந்த வரைபடம்? 1981இல் கிரேக்க நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் பத்தாவதாகச் சேர்ந்தபோது நாம் தூங்கவே இல்லை. நாலாம் மிருகத்துக்குப் பத்துக் கொம்பு! நாலு தாள்களை ஒட்டி, மிருகங்களை நீ வரைந்தாய், நான் வசனங்களை எழுதினேன். ஒவ்வொரு கொம்புக்கும் சிவப்பு மையில் ஒரு நாட்டின் பெயர். ஐந்தே வருஷம். 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டாகிவிட்டது. "இரண்டு கொம்பு மிஞ்சுகிறதே, யார் அறுப்பது?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு அந்தத் தாளை நாம் விரிக்கவில்லை. மிருகம் மாறவில்லை, செய்தித்தாள் மாறிவிட்டது. அன்று எனக்கு அவமானமாக இருந்தது. இன்று யோசித்தால், நாம் வசனத்தைப் படிக்கத் தொடங்கியதே அந்த அவமானத்துக்குப் பிறகுதான் என்று தோன்றுகிறது.

இங்கே வாராந்தர வேதபாடத்தில் ஆறு மாதமாகத் தானியேலும், வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷமும்தான் ஓடுகிறது. நடத்துவது நான், மற்றவர்களைவிட எனக்கு ஓய்வு அதிகம், வேறு தகுதி ஒன்றும் இல்லை. இந்தத் தடவை ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: புத்தகம் தானே அர்த்தம் சொல்லியிருக்கும் இடத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் நமக்கு மிஞ்சுகிற வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது. எட்டாம் அதிகாரத்தில் இரண்டு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதியா பெர்சியா ராஜாக்கள், வெள்ளாட்டுக்கடா கிரேக்க ராஜா என்று காபிரியேல் தூதனே சொல்லிவிடுகிறான். வெள்ளாட்டின் பெரிய கொம்பு முறிந்து நாலு முளைப்பதைப் பார்த்தால், கி.மு. 323இல் இறந்துபோன அலெக்சாந்தரையும் அவனுடைய ராஜ்யத்தைப் பங்குபோட்ட தளபதிகளையும் நினைக்காமல் இருக்க முடியாது. அதிலிருந்து முளைக்கிற சின்னக் கொம்பு, எருசலேம் ஆலயத்தைக் கி.மு. 167இல் தீட்டுப்படுத்திய சிரியா ராஜா நாலாம் அந்தியோகஸ் என்பதில் பெரும்பாலானவர்களுக்குச் சண்டை இல்லை.

சண்டை ஏழாம் அதிகாரத்தில்தான், நாலு மிருகமும் எந்த நாலு ராஜ்யம் என்பதில். பழைய திருச்சபை வரிசை பாபிலோன், மேதிய-பெர்சியா, கிரேக்கம், ரோம். மற்ற வரிசை மேதியாவையும் பெர்சியாவையும் தனித்தனியாகப் பிரித்து, கிரேக்கத்தோடு நாலை முடித்துக்கொள்கிறது. முதல் கட்சிக்கு, ஒரே ஆட்டுக்கடாவில் இரண்டு கொம்பு என்கிற எட்டாம் அதிகாரம் கைகொடுக்கிறது. இரண்டாம் கட்சிக்கு, பாபிலோனுக்கு அடுத்தபடியாக "மேதியனாகிய தரியு" ஆட்சிக்கு வருவது கைகொடுக்கிறது. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்கிற தத்துவஞானி, தானியேல் புத்தகமே அந்தியோகஸ் காலத்தில் எழுதப்பட்டது என்று வாதாடினார். வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் தன் தானியேல் விளக்கவுரையில் அவரோடு மல்லுக்கு நின்றார். நான் பழைய வரிசைப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் அதற்காக யாரோடும் பேச்சை முறித்துக்கொள்ள மாட்டேன்.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறு ஒன்று. முதல் மிருகத்தை மறுபடி படி. கழுகின் செட்டையுள்ள சிங்கம்; இறகுகள் பிடுங்கப்படுகின்றன; மனுஷனைப்போல் இரண்டு காலில் நிறுத்தப்படுகிறது; மனுஷ இருதயம் கொடுக்கப்படுகிறது. இப்போது மூன்று அதிகாரம் பின்னால் போ. நாலாம் அதிகாரத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருடைய மனுஷ இருதயம் மாறி மிருக இருதயம் கொடுக்கப்படுகிறது. புல்லைத் தின்கிறான். அவனுடைய தலைமயிர் கழுகின் இறகுபோல் வளர்கிறது. பிறகு கண்ணை வானத்துக்கு ஏறெடுக்கிறான், புத்தி திரும்பி வருகிறது. அங்கே மனுஷன் மிருகமானான், இங்கே மிருகம் மனுஷனாகிறது. இதை எத்தனை தடவை வாசித்திருப்போம்! நம் வரைபடத்தில் இந்த இரண்டு அதிகாரத்துக்கும் நடுவே ஒரு கோடுகூட இல்லை.

சிங்கம் பாபிலோனுக்கு அந்நியமும் இல்லை. அந்த நகரத்து ஊர்வல வீதியின் சுவர்களில் மெருகிட்ட செங்கலால் வரிசை வரிசையாகச் சிங்கங்களைப் பதித்தவன் இதே நேபுகாத்நேச்சார்தான். அவற்றில் பல இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அங்கே சிறையிருந்த தானியேலுக்கு இங்கிலாந்தின் முத்திரையைத் தேட வேண்டிய தேவை என்ன? சிங்கம், சிவிங்கி, கரடி, பெயர் சொல்லப்படாத ஒரு காட்டு மிருகம் என்ற நாலுமே அவனுக்கு முன்னாலிருந்த ஓசியா தீர்க்கதரிசியின் 13ஆம் அதிகாரத்தில் வந்துவிட்டன. அங்கே அந்த மிருகங்களைப்போல் தன் ஜனத்தின்மேல் பாய்வேன் என்று சொல்வது கர்த்தரே. இதைச் சொன்னதும் வேதபாடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இரண்டாம் அதிகாரத்துச் சிலையை ஏழாம் அதிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் பார். நாலு ராஜ்யங்கள்தான் அங்கேயும். ஆனால் அந்தச் சொப்பனத்தைக் கண்டது ராஜா. அவன் கண்ணுக்கு ராஜ்யங்கள் பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு. ஏழாம் அதிகாரத்தில் காண்பது சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவன். அவன் கண்ணுக்கு அதே ராஜ்யங்கள் பல்லும் நகமும். எந்த நாடு என்பதைவிட, எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி என்று நான் இப்போது நினைக்கிறேன். இந்த மிருகக் கூட்டத்துக்கு எதிரே வானத்து மேகங்களோடு வருகிறவர் யார்? சிங்கத்தைவிடப் பெரிய மிருகமா? "மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர்." அவ்வளவுதான்.

ரோமுக்கு வருகிறேன். எருசலேம் கி.பி. 70இல் அழிந்த பிறகு எழுதப்பட்ட, நம் வேதாகமத்தில் இல்லாத நாலாம் எஸ்றா என்கிற யூத நூலில் ஒரு கழுகு கடலிலிருந்து வருகிறது. தானியேல் கண்ட நாலாம் ராஜ்யம் இதுதான், ஆனால் இப்போது உனக்கு விளக்குகிறதுபோல் அவனுக்கு விளக்கப்படவில்லை என்று அங்கே எஸ்றாவிடம் தேவன் சொல்கிறார். பழைய தரிசனத்தைப் புதிய கொடுங்கோலனுக்குப் பொருத்துகிறோம் என்பதை எவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொள்கிறார்கள் பார்! அதே காலத்தில் ரோமச் சக்கரவர்த்திகளின் தயவில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ், சிலையின் கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்து, அதை நொறுக்குகிற கல்லுக்கு வந்ததும், நான் எழுதுவது நடந்து முடிந்தவற்றை, வேண்டுகிறவர்கள் தானியேலைப் படித்துக்கொள்ளுங்கள் என்று நழுவிவிடுகிறார். சம்பளம் போடுகிறவன் இரும்பாக இருக்கும்போது கல்லைப் பற்றி யார் பேசுவார்கள்? அந்த நழுவலே ஒரு வியாக்கியானம்தான்.

வெளிப்படுத்தலில் யோவான் நாலு மிருகங்களையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார். 13ஆம் அதிகாரத்தில் கடலிலிருந்து எழும்புகிற மிருகத்துக்குச் சிறுத்தையின் உருவம், கரடியின் கால், சிங்கத்தின் வாய். தானியேலின் வரிசை அப்படியே தலைகீழாக! நம் பழைய மொழிபெயர்ப்பு தானியேலில் "சிவிங்கி" என்றும் இங்கே "சிறுத்தை" என்றும் போட்டிருப்பதால், இரண்டும் ஒரே மிருகம் என்பது தமிழில் படிக்கிறவனுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. நமக்கும் பிடிபடவில்லையே! 17ஆம் அதிகாரத்தில் ஏழு தலை ஏழு மலை என்று தூதனே சொல்கிறான். ஏழு மலை நகரம் எது என்று அன்றைக்கு ஒரு சிறுபிள்ளையிடம் கேட்டாலும் ரோம் என்றிருக்கும்.

வெளிப்படுத்தல் 13இல் மிருகத்தின் எண்ணாக வருகிற 666ஐப் பற்றி மருமகன் என்ன சொல்கிறான்? பட்டைக்கோடா, சிப்பா? எதுவானாலும் கேட்டுக்கொள். நம் க, உ, ங எண்களாகவும் நிற்பதுபோல எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்தே எண். எரிமலையில் புதைந்த பழைய ரோம நகரமான பொம்பேயியில், 545 என்ற எண்ணுள்ளவளைக் காதலிக்கிறேன் என்று எவனோ ஒருவன் சுவரில் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். பெயரை மறைக்க அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. ரோமச் சக்கரவர்த்தி நீரோவின் பெயரை, நேரோன் கேசர் என்று, எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200, மொத்தம் 666. லத்தீன் உச்சரிப்பில் நேரோ என்று கடைசி எழுத்தை விட்டால் 50 குறைந்து 616. சில பழைய பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் ஒரே பெயர் விளக்குவதால்தான் நான் நீரோ பக்கம் நிற்கிறேன். ஆனால் இரண்டாம் நூற்றாண்டில் பேராயர் இரேனியு 616ஐப் பிழை என்று தள்ளினார். சில பெயர்களைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, எதையும் உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். அத்தனை பக்கத்தில் இருந்தவருக்கே அந்தத் தயக்கம்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்குத் தயக்கம் போய்விட்டது. 1522 செப்டம்பரில் வெளியான லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் வெளிப்படுத்தலில் வருகிற பாபிலோன் ஸ்திரீயின் தலையில் போப்பின் மூன்றடுக்கு மகுடத்தை வரைந்தார்கள். எதிர்ப்பு வரவே டிசம்பர் பதிப்பில் அதைச் செதுக்கி எடுத்தார்கள். 1529இல் எதிர்த்தரப்பு லூத்தருக்கே ஏழு தலை வைத்துப் படம் போட்டது. அமெரிக்காவில் மில்லர் என்கிற பிரசங்கியைப் பின்பற்றினவர்கள் தானியேலின் 2300 இராப்பகலை வருஷங்களாக்கிக் கி.மு. 457இலிருந்து எண்ணி, 1844 அக்டோபர் 22 இரவு முழுக்க வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அவர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வருவதில்லை. நாமும் சிவப்பு மையோடு இருந்தவர்கள்தானே! நான் கவனித்தது ஒன்றுதான்: இவ்வளவு கட்சிகளில் தன் சொந்த ராஜ்யத்தைச் சுட்டி, மிருகம் இதுதான் என்று சொன்னவர்கள் அபூர்வம். பெரும்பாலும் அடுத்தவன்தான். 13ஆம் அதிகாரத்து இரண்டாவது மிருகம் ஆட்டுக்குட்டிக்கு ஒப்பான இரண்டு கொம்போடு வந்து வலுசர்ப்பத்தைப்போல் பேசுகிறது. கொம்பைப் பார்த்து அடையாளம் கண்டுவிடலாம் என்று நினைத்தால் அங்கேயே ஏமாந்துபோவோம்.

அப்புறம், அந்திக்கிறிஸ்து என்ற சொல் தானியேலிலும் இல்லை, வெளிப்படுத்தலிலும் இல்லை. யோவானின் நிருபங்களில் மட்டும்தான் வருகிறது. அங்கே "அநேக அந்திக்கிறிஸ்துகள்" என்று பன்மையிலும் வருகிறது. இதை மருமகனிடம் சொல்லிப் பார், ஒரு வாரம் காணொளி வராது.

ஆனால் அவனோடு சண்டை போடாதே. அவன் வசனத்தைத் தேடுகிறான் என்பதே பெரிய விஷயம், நம் பிள்ளைகள் பாதிப்பேர் தேடுவதே இல்லை. தானியேல் 4ஐயும் 7ஐயும் அவனோடு உட்கார்ந்து சத்தமாக வாசி. மற்றதை அவனே கண்டுபிடிக்கட்டும். நமக்கு யாரும் அப்படி வாசித்துக் காட்டவில்லை. பயமுறுத்துகிற ஒரு பிரசங்கியார்தான் நமக்குக் கிடைத்தார்.

வேதபாடத்தில் அடுத்த வாரம் எட்டாம் அதிகாரம் முடிகிறது. அதன் கடைசி வசனத்தில் தானியேல் சோர்ந்து, சில நாள் வியாதிப்பட்டிருந்து, பின்பு எழுந்து ராஜாவின் வேலையைச் செய்கிறான். ராஜ்யங்களை மிருகங்களாகக் கண்டவன், அதே மிருகத்தின் அலுவலகத்துக்குப் போய்க் கணக்கைப் பார்க்கிறான். முப்பத்திரண்டு வருஷம் கோப்புகளைத் தள்ளிய நமக்கு இந்த வசனம் முன்னாலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் வியாழனுக்குள் எழுது, அல்லது கூப்பிடு.

கடைசியாக ஒரு செய்தி. பெட்டியை ஒழிக்கும்போது அந்த வரைபடம் கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, சிவப்பு மை ரோஜா நிறமாகிவிட்டது. உன் சிங்கம் நன்றாக இருக்கிறது, சிவிங்கி பூனை. கரடியின் வாயில் மூன்று விலா எலும்பு என்று நான் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். புதுக் கண்ணால் எண்ணிப் பார்த்தேன்: நீ நாலு வரைந்திருக்கிறாய்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்