பட்டனைத் தட்டுமுன் டேப்பைப் பிடியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவோருக்காக 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று அனுமதி நல்ல திட்டம். பத்திரம், பட்டா, வரைபடம், மனையின் புகைப்படம் ஆகியவற்றை ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஏற்றிக் கட்டணத்தைக் கட்டினால் அனுமதி உடனே கிடைத்துவிடுகிறது. அரசு பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டது என்று பலர் நினைப்பதில்தான் சிக்கல். முன்கூட்டி யாரும் மனைக்கு வந்து பார்ப்பதில்லை. எல்லாம் சரி என்று உறுதிமொழி கொடுத்தவர் உரிமையாளர். வரைபடம் போட்டது பொறியாளரே ஆனாலும், நாளைக்கு நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

முதலில் பட்டாவைப் பாருங்கள். 30க்கு 40 அடி மனை, பத்திரத்தில் 1,200 சதுர அடி. கிராமப் பட்டாவில் அது 0-1.11 (ஹெக்டேர்-ஏர்; ஒரு ஏர் 100 சதுர மீட்டர்) என்று இருந்தால் 111 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,195 சதுர அடி. ஐந்தாறு சதுர அடி வித்தியாசம் தசமத்தை விட்டதால் வந்தது, கவலை வேண்டாம். 0-1.05 என்று இருந்தால் 1,130தான் வரும். அப்போது புல வரைபடத்தை (சர்வே எண்ணின் எல்லை அளவுகள் உள்ள படம்) எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து, பட்டாவைத் திருத்திய பிறகே விண்ணப்பிக்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் முதலில் உங்கள் பங்கைத் தனியாகப் பிரித்து உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். அங்கீகாரமில்லாத மனை என்றால் அதை முறைப்படுத்திய வரன்முறை உத்தரவு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் திட்டமும் 20.10.2016க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டுமே.

அடுத்தது தரையில் உள்ள அளவு. பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவர் 9 அங்குலம் உள்ளே வந்திருந்தால் 30 அடி அகலம் 29 அடி 3 அங்குலம் ஆகிவிடும். 40 அடி நீளத்துக்குப் போகும் இடம் 30 சதுர அடிதான், பரப்புக் கணக்கில் பெரிய இழப்பில்லை. ஆனால் அந்த 9 அங்குலம் முழுவதும், எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காலியாக விட வேண்டிய பக்கவாட்டு இடைவெளியில் வெட்டாக விழுகிறது. தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்பதால் 1,200 அடி மனையில் 2,400 அடி கட்டலாம் என்று கணக்குப் போடுவோர் இந்த இடைவெளிகளைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் தவறுவது, நூல் கட்டிக் கட்டட அளவைத் தரையில் குறிக்கும் மார்க்கிங் அன்றுதான். 9 மீட்டருக்குக் குறைவான சாலை என்றால் முன்புறம் 1.5 மீட்டர், அதாவது 4 அடி 11 அங்குலம் விட வேண்டும். மேஸ்திரி 'அஞ்சு அடி' என்று நூல் பிடிக்கிறார். அந்த நூல் சுவரின் சென்டர் லைன் (நடுக்கோடு) என்றால், 9 அங்குலச் சுவரில் பாதியான நாலரை அங்குலம் வெளியே வருகிறது. அதன்மேல் பூச்சு முக்கால் அங்குலம். மிஞ்சுவது 4 அடி 6¾ அங்குலம், நாலு அங்குலத்துக்கு மேல் குறைவு. கான்கிரீட் போட்ட தூணை நகர்த்த முடியாது. எனவே பூசி முடித்த சுவரின் வெளிமுகத்திலிருந்து இடைவெளியைக் கணக்கிட்டு, கூடுதலாக 2 அங்குலம் விடச் சொல்லுங்கள். அளவைத் தொடங்குவதும் எல்லைக் கல்லிலிருந்து. பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து அல்ல.

குடிபோன பிறகு பின்பக்க இடைவெளியில் கழிப்பறை, மொட்டை மாடியில் வாடகைக்கு ஓர் அறை என்று சேர்ப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. 2024இல் வந்த திட்டப்படி இரண்டாம் மாடி சுயசான்றில் அடங்காது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் 56, 57 பிரிவுகள் வேலையை நிறுத்தவும் பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் தருகின்றன. வீட்டை விற்கும்போது வாங்குபவருக்கு வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரும் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டை அளப்பார்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. அனுமதி உத்தரவுடன் ஒரு பக்கப் படம் சேர்த்துத் தர வேண்டும். நாலு புறமும் விட வேண்டிய இடைவெளியை அடி, அங்குலத்தில், தமிழில், பூச்சுக்கு வெளியே உள்ள அளவு என்று குறிப்பிட்டுக் கொடுத்தால் மேஸ்திரி அதை வைத்தே நூல் கட்டிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு கட்டடப் பொறியாளர்,
மதுரை