லட்சுமிநரசு செட்டி துரைமாரை அண்டிப் பிழைத்தவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சென்னை வணிகர்கள் பற்றிய கட்டுரையில் கஜுலு லட்சுமிநரசு செட்டிக்கு மொத்தமே ஒரு வரிதான்: 'வெள்ளைக்காரர் தயவில் பணமும் பட்டமும் சேர்த்தவர்'. படித்துவிட்டு இதழை மூடி வைத்தேன். மறுநாளும் மனசு ஆறவில்லை.

பட்டம் வந்தது உண்மை. 1863இல் சென்னை சட்டமன்றத்தில் உட்கார்ந்ததும் உண்மை. ஆனால் பணம்? அப்பா காலத்திலிருந்து நடந்த அவுரி, துணி வியாபாரத்தில் வந்த பணம் அது. அதை அவர் சேர்க்கவில்லை, கரைத்தார். 1844இல் 'கிரசண்ட்' பத்திரிகையை ஆரம்பித்தார். அப்படி ஒரு பத்திரிகை வரப்போகிறது என்ற விளம்பரத்தைக்கூடக் கோட்டையின் அரசிதழில் போட மறுத்துவிட்டார்கள். இதுவா தயவு? 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கி, நிலவரி தாங்க முடியவில்லை, கோர்ட்டுக்குப் போனால் செலவும் இழுத்தடிப்பும்தான் மிச்சம் என்று லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அப்போது காங்கிரஸ் பிறக்க இன்னும் 33 வருஷம் இருந்தது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரி எப்படி அச்சுக்குப் போனது என்பதுதான் என் வருத்தம்.

நான் வருவாய்த் துறையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிஸ்தி பாக்கி, ஜமாபந்தி என்றே காலம் போனது. சின்ன வயதில் என் பாட்டி, 'அவன்கிட்ட கடன் வாங்குறதும் கிட்டியில கையைக் கொடுக்கிறதும் ஒண்ணுதான்' என்பாள். கிட்டி என்றால் என்ன என்று நான் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, கம்பெனி ஆட்சியில் வரிவசூலுக்காக நடந்த கொடுமைகளை ஆராய்ந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855 அறிக்கையைப் படித்தபோதுதான், அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் என் கண்முன் வந்து நின்றது. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள். நடுவில் குடியானவனின் கையை வைத்து நெரிப்பார்கள். இன்னொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்து, கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி வெயிலில் விட்டுவிடுவது. எல்லாம் வரிப் பாக்கிக்காக. செய்தவர்கள் தாலுகா கச்சேரிச் சேவகர்கள். அதாவது, நான் உட்கார்ந்திருந்த அலுவலகத்தின் பழைய ஆட்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் குழு தானாக வந்துவிடவில்லை. 1853இல் டான்பி செமூர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இங்கே வந்தபோது, அவரை வெளியூர்களுக்குக் கூட்டிப்போய்க் குடியானவர்களின் நிலைமையை நேரில் காட்டியவர் லட்சுமிநரசு. அடுத்த வருஷமே விஷயம் லண்டனில் எழுந்தது, விசாரணையும் வந்தது. துரைமாரை அண்டிப் பிழைக்கிறவர், துரைமாரின் வரிவசூல் லட்சணத்தை அவர்கள் ஊர்க்காரருக்கே காட்டிக்கொடுப்பாரா? 1868இல் இறக்கும்போது சொத்தெல்லாம் கரைந்து வறுமையில்தான் இருந்தார்.

இது முதல் தடவையும் இல்லை. தீபாவளிச் சமயத்தில் தி.நகர்க் கூட்டத்தைப் பற்றி நான்கு பக்கம் போட்டீர்கள். அந்த 'தி' யார் என்று ஒரு வரி இல்லை. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயச் செட்டியும் நெசவுத் தொழில் நடத்திய வியாபாரிதான். ரிப்பன் கட்டிடத்துக்கு முன்னால் சிலையாக நிற்கிறார். அப்போதே எழுதினேன், வெளிவரவில்லை. அதற்கு முன்னால் பச்சையப்பர் பற்றி எழுதியதை இரண்டு வரியாக வெட்டினீர்கள். அப்புறம், போன வருஷம் பேத்தி படிக்கும் பள்ளியில் லட்சுமிநரசு பெயரைச் சொன்னேன். பாடம் நடத்துகிற ஆசிரியரே 'அவர் எந்தக் கட்சி சார்?' என்று கேட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. நாம் எழுதினால்தானே அவர் படிப்பார்?

அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். நான்கு வரி போதும். பெயரையும் சரியாகப் போடுங்கள். 'லட்சுமி நரசிம்ம செட்டி' என்று அச்சாகியிருக்கிறது. அவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பெரம்பூர், சென்னை