மாவு அரைக்க வந்த மானியம் வருமானமா?

மத்திய நிதி அமைச்சர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கேழ்வரகும் சாமையும் பக்கத்து ஊர்க்காரர்களிடமே வாங்கி, மாவாக அரைத்து, அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே விற்கிற பெண்கள் அவர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 12 பேர் உள்ள குழுவுக்கு மார்ச் கடைசியில் 3 லட்சம் ரூபாய் அரசு மானியம் வருகிறது. தானியம் வாங்குவதும் உறை அச்சடிப்பதும் மே மாதத்தில்தான். அரசு மானியமும் வருமானமே என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. வந்த ஆண்டிலேயே அதை வருமானமாகக் கொள்ள வேண்டும் என்று 2018-இல் சேர்த்தார்கள். செலவோ அடுத்த ஆண்டுக் கணக்கில். மாவு விற்ற லாபம் இரண்டரை லட்சம் என்றால் மொத்தம் ஐந்தரை லட்சம். 2025-26 விகிதப்படி 4 லட்சம் போக மீதிக்கு 5 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 7,800 ரூபாய் வரி. 2025-26-இல் கேழ்வரகுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்த வரிப் பணத்தில் ஒன்றரை குவிண்டாலுக்கு மேல் வாங்கியிருக்கலாம்!

இதே பணத்தை 12 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 46,000 கூட வராது. தனி ஆளுக்கு 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறீர்கள். அந்தத் தள்ளுபடி குழுவுக்குக் கிடையாது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைக்காத குழுவுக்கு உச்ச விகிதத்திலேயே வரி. சேர்ந்து உழைப்பதற்கா இந்தத் தண்டனை? "கவர்மெண்ட் குடுத்த காசுக்கு கவர்மெண்டுக்கே ஏம்மா கட்டணும்?" என்று கேட்கும் அக்காவிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அரவை இயந்திரத்துக்கு வரும் மானியத்தை அதன் விலையில் கழித்துக்கொள்ளச் சட்டமே வழி வைத்திருக்கிறது. சரி, அது நியாயம். தானியத்துக்கும் உறைக்கும் வரும் பணத்துக்குத்தான் வழி இல்லை.

2015 மே மாதத்தில், சமையல் எரிவாயு மானியம் போல் தனிநபருக்கு வரும் நல உதவிகளுக்கு வரி இல்லை என்று உங்கள் அமைச்சகமே விளக்கம் தந்தது. தொழில் சார்ந்த மானியத்துக்கு அது பொருந்தாது. ஊருக்கு உணவு தரும் குழுக்கள் பெறும் 5 லட்சம் வரையான மானியத்துக்கும் அப்படி ஒரு விலக்கு தாருங்கள். அது முடியாதென்றால், செலவாகும் ஆண்டில் மட்டும் அதை வருமானமாகக் காட்ட அனுமதியுங்கள். அடுத்த மார்ச்சுக்குள் தெரிந்தால், மானியம் வேண்டாம் என்று தயங்கும் குழுக்களை விண்ணப்பிக்கச் சொல்வேன்.