ஒரே வேர்ட்பிரஸ்ல சேருதோம், சரி. பிரியுற வழிய முதல்ல எழுதுங்க

நம்ம கைத்தொழில் கூட்டமைப்போட நிர்வாகக் குழுவுல இருக்குற அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பத்தமடை பாய்க் குழு, காருகுறிச்சி மண்பாண்டக் குழு, வீரவநல்லூர் நெசவுக் குழு, கள்ளிடைக்குறிச்சி அப்பளக் குழு, இவங்க சைட் எல்லாத்தையும் கூட்டமைப்பு சைட்டோட சேத்து, சைட் நடத்துற சாஃப்ட்வேரான வேர்ட்பிரஸ் ஒண்ணுலயே மல்டிசைட்டா, அதாவது ஒரே சாஃப்ட்வேர்ல பல சைட் ஓடுற மாதிரி போட்டுரலாம்னு பேசி வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். இந்த சைட்டுகளுக்கு வேல பாத்து குடுக்குற ஆளுங்கிற முறையில எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுதேன், ஏன்னா இது குழுவுல இருக்குற ஒவ்வொரு நெசவுக்காரருக்கும் பாய் முடையுற அக்காவுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

சேக்க வேண்டாம்னு நான் சொல்ல வரல. இப்பம் ஒவ்வொரு சைட்டும் தனித்தனியா கிடக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி அப்டேட், தனி பேக்கப், அத யாரும் ஒழுங்கா பாக்கதில்ல. கூடுதல் வசதிக்காக சைட்டுல சேக்குற பிளகின்னு ஒரு சின்ன புரோகிராம் உண்டு, அதுல பழசா கிடந்த ஒண்ணு வழியா எவனோ உள்ள பூந்து ஒரு குழுவோட பக்கத்த தொறந்தா சூதாட்ட சைட்டுக்கு போற மாதிரி பண்ணி வச்சிருந்தான், அது சைட்டுக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் போன் போட்டு சொன்ன பிறகுதான் நமக்கே தெரியும். ஒரே இன்ஸ்டாலேஷனா இருந்தா ஒரு தடவ அப்டேட் பண்ணா எல்லா சைட்டுக்கும் சேத்து ஆயிரும். 2010ல வந்த வேர்ட்பிரஸ் 3.0லேருந்தே இந்த வசதி உள்ளயே இருக்கு, 2016ல வந்த 4.5க்குப் பிறகு அவங்கவங்க சொந்த டொமைன் பேரையே, அதாவது சைட் முகவரியையே, தனி பிளகின் இல்லாம வச்சுக்கலாம், பத்தமடைக்காரங்க பேரு மாற வேண்டியதே இல்ல. அதுவர நல்லதுதான்.

ஆனா சேந்த பிறகு அதிகாரம் எங்க போகுதுன்னு பாத்தீங்களா? மல்டிசைட்டுல பிளகின் போடுறது, சைட்டோட தோற்றத்த மாத்துற தீம் ஏத்துறது எல்லாம் சூப்பர் அட்மின், அதாவது எல்லா சைட்டுக்கும் மேல இருக்குற நிர்வாகி கையில. குழு அட்மினுக்கு அது கிடையாது. சின்னச் சின்ன விஷயத்துலகூட இது தெரியும். அப்பளக் குழு அக்கா கடைக்கு வழி காட்டுற மேப்ப ஐஃபிரேமா, அதாவது வேற சைட்டுல உள்ளத நம்ம பேஜுக்குள்ள காட்டுற கோடா, காப்பி பண்ணி பேஜ்ல ஒட்டி சேவ் குடுத்தா அது காணாம போயிரும், ஏன்னா அந்த மாதிரி கோட சேக்குற உரிம மல்டிசைட்டுல சூப்பர் அட்மினுக்கு மட்டுந்தான். போட்டோ ஏத்தப் போனா 1500 கேபிக்கு மேல வாங்காது, அதுதான் அதுல முதல்லயே வச்சிருக்குற அளவு, இப்பம் சாதாரண போன்ல எடுக்குற படமே அதத் தாண்டி நிக்கும். இத மாத்தலாம், ஆனா அதையும் சூப்பர் அட்மின்தான் மாத்தணும். இன்னொண்ணு, எந்த சைட்டையும் அவர் ஒரே கிளிக்ல ஆர்க்கைவ் பண்ணிரலாம், அதுக்கப்புறம் சைட்ட தொறக்குறவங்களுக்கு நிறுத்தி வச்சிருக்குன்னு ஒரு வரி மட்டுந்தான் தெரியும். சந்தா பாக்கின்னோ கூட்டத்துல வாக்குவாதம்னோ வந்தா அந்த பட்டன் யார் கையில இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. கன்னடியன் கால்வாய் ஒண்ணா ஓடினாலும் ஊருக்கு ஊரு தண்ணியத் தொறந்து மூடுற மட தனியா இருக்குல்லா, அந்த மட இங்கயும் வேணும்னுதான் கேக்குதேன்.

எனக்கு பெரிய கவல எதுன்னா ஒரு குழு நாளைக்கு வெளிய போணும்னா என்ன ஆகும்ங்கிறதுதான். சேக்குறது லேசு. பிரிக்கிறதுதான் கஷ்டம். எல்லா சைட்டும் விவரங்கள சேத்து வைக்கிற ஒரே டேட்டாபேஸ்ல இருக்கும், பதிவு, பக்கம், செட்டிங் எல்லாம் சைட் நம்பர் போட்டு தனித்தனி டேபிளா இருக்கும், அத பிரிச்சிரலாம், ஆனா யூசர் டேபிள் எல்லாருக்கும் பொது. பாய் சைட்டுல பதிஞ்ச ஆளும் அப்பள சைட்டுல பதிஞ்ச ஆளும் ஒரே பட்டியல்லதான் கிடப்பாங்க, அதனாலதான் ஒரு சைட்டுல அக்கவுண்ட் வச்சவர் அடுத்த சைட்டுல புதுசா பதியப் போனா இந்த ஈமெயில் ஏற்கனவே இருக்குன்னு சொல்லும், அவர் முழிப்பாரு. பிரியும்போது யாரோட வாடிக்கையாளர் யாருன்னு அந்த பட்டியல்லேருந்து பொறுக்கி எடுக்கணும். டூல்ஸ்ல எக்ஸ்போர்ட் இருக்கேன்னு நினைப்பீங்க, அதுல வர்ற எக்ஸ்எம்எல் ஃபைல்ல எழுத்து வரும், படம் வராது, படம் எங்க இருக்குங்கிற முகவரி மட்டுந்தான் வரும். புது இடத்துல இம்போர்ட் பண்ணும்போது அது பழைய சைட்டுக்குப் போய்தான் படத்த எடுக்கும். பழைய சைட்ட முதல்லயே மூடிட்டா பட்டுப்பாய் படம் அத்தனையும் போச்சு. ஆர்டர் விவரத்த தனி டேபிள்ல வைக்கிற பிளகினா இருந்தா அதுவும் அந்த ஃபைல்ல வராது.

அதனால என் யோசன இதுதான். தகவல் மட்டும் குடுக்குற சைட்டுகள சேருங்க, காசு வாங்குற ஆர்டர் பக்கத்த சேக்காதீங்க. பாய்க் குழுவுக்கு வர்ற கல்யாணப் பாய் ஆர்டர பாருங்க, அதுல பொண்ணு மாப்பிள பேரு, பாய்ல எந்த எழுத்து எப்படி வரணும், முகூர்த்தத் தேதி, வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கு. பேர சாயக் கோரைல நெஞ்ச பிறகு திருத்த முடியாது, நடுவுல மண்பாண்ட சைட்டுக்காக போட்ட ஒரு பிளகின் முட்டி ஆர்டர் ஃபார்ம் விழுந்து ஒரு பேரு தப்பா வந்தா அந்தப் பாய் வீண், முகூர்த்தம் நமக்காக காத்திருக்காது. அத தனி இன்ஸ்டாலேஷனா, தனி டேட்டாபேஸா வச்சிருங்க, கூட்டமைப்பு சைட்டுலேருந்து லிங்க் குடுத்தா போதும். கொஞ்சம் ஹோஸ்டிங் காசு கூடும்தான், அந்தக் காசு குடுக்கத் தகும்.

பேக்கப்பு விஷயமும் சொல்லணும். இப்பம் அது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துல இருக்குற ஆபீஸ்ல ஒரு ஹார்டு டிஸ்க்ல கிடக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்துல ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள தண்ணி நின்னத நாம எல்லாரும் பாத்தோம். எல்லா சைட்டும் ஒரே இடத்துல சேந்த பிறகு ஒரு பேக்கப் போனா எல்லாருக்கும் போச்சு, அதனால ஒரு காப்பி ஆன்லைன்ல வேற கம்பெனி இடத்துல, ஒரு காப்பி அந்தந்த குழு கையில, மாசா மாசம் போய்ச் சேரணும்.

அடுத்த கூட்டத்துல வேலைய ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி தீர்மானப் புத்தகத்துல இத எழுதிக் கையெழுத்து போடுங்க: ஒவ்வொரு டொமைனும் அந்தந்த குழு பேர்லயே இருக்கும், சூப்பர் அட்மின் ரெண்டு பேரு இருப்பாங்க, ஒருத்தர் கூட்டமைப்பு ஆளு, இன்னொருத்தர் குழுக்கள் சேந்து சொல்ற ஆளு, எந்த சைட்டையும் நிறுத்துறதா இருந்தா அந்தக் குழுவுக்கு முன்கூட்டி எழுத்துல சொல்லணும், ஒரு குழு பிரியுதுன்னா புது சைட்டுல படமும் ஆளும் ஆர்டரும் சரியா வந்து சேர்ற வர பழையத மூடக்கூடாது. இது எழுதினா அன்னைக்கு சாயந்தரமே நான் வேலைய ஆரம்பிச்சு குடுக்கேன். எழுதாம ஆரம்பிக்கதா இருந்தா குழுக்களோட பாஸ்வேர்ட என்கிட்ட கேக்காதீங்க, அவங்ககிட்டயே நேரா கேளுங்க.

இப்படிக்கு,
சேரன்மகாதேவிலேருந்து உங்க வெப்சைட் வேல பாக்குறவ