வெள்ளிக்கிழமை வாதி ஷாப் நடை: வருகிறவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஓமானில் உள்ள வாதி ஷாப் என்ற மலைப் பள்ளத்தாக்குக்கு வெள்ளி காலை 5.30க்கு மஸ்கட்டிலிருந்து கிளம்புகிறோம். சூர் போகும் சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்காதீர்கள். காலையில்தான் பாறைச் சுவர்களின் நிழலிலேயே நடக்கலாம்; உச்சிவெயில் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது.

நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் படகு நிற்கும். போக வர ஆளுக்கு 1 ரியால், சில்லறையாகக் கொண்டு வாருங்கள். அக்கரையில் பேரீச்சை, வாழைத் தோப்பு. அதை ஒட்டி ஃபலஜ் என்கிற ஓமானியப் பாசன வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று ஓடும். நம்ம ஊர் வரப்பில் நடப்பது போலத்தான் இருக்கும், அப்புறம் வெறும் உருண்டைக் கற்கள். முக்கால் மணி நேரத்தில் குளங்கள் வந்துவிடும்.

கடைசிக் குளத்தில் நீந்திப் போனால் தலை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு பாறை இடுக்கு. அதற்குள்ளே குகை, குகைக்குள் அருவி! நீச்சல் தெரியாதவர்கள் தயவுசெய்து கரையோரத்தோடு நின்றுவிடுங்கள்.

பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். போன தடவை நான் ரப்பர் செருப்போடு போய், வார் அறுந்து, கைக்குட்டையால் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

தோளும் முழங்காலும் மறையும் உடையாக இருக்கட்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். மலைப்பக்கம் மழை என்றால் பயணம் ரத்து. அங்கே வெள்ளம் சொல்லாமல் வரும். வருகிறவர்கள் புதன் இரவுக்குள் பெயர் போடுங்கள்.