தலைக்கணக்கில் தோற்றுப்போன குதிரை

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் மொங்கோலியாவையும் கசகஸ்தானையும் ஒப்பிட்டு ஒரு சிறு கட்டுரை வந்திருந்தது. 2019 இறுதிக் கணக்கின்படி மொங்கோலியாவின் கால்நடைகளில் குதிரை 6 சதவீதம்கூட இல்லை, கசகஸ்தானில் 9 சதவீதத்துக்கு மேல், ஆகவே குதிரை நாடு என்ற பெயர் இனிக் கசகஸ்தானுக்கே உரியது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். தொகைகளில் பிழையில்லை. அவற்றிலிருந்து எடுத்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. குதிரை என்றால் நமக்கு நெடுந்தீவுக் கட்டாக்காலிகளும் சித்திரையில் நுவரெலியாப் பந்தயமும்தான், மட்டக்களப்பானுக்கு இதில் என்ன வழக்கு என்று கேட்கலாம். நாங்கள் பரம்பரையாகப் பட்டி வைத்திருப்பவர்கள். எருமையையும் ஆட்டுக்குட்டியையும் ஒன்று, இரண்டு என்று ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டு போகிற கணக்கைக் கண்டால் சும்மா இருக்க ஏலாது.

முதலில் மொங்கோலியாவின் 6 சதவீதம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1990இல் அங்கே எல்லாமாக 26 மில்லியன் அளவில் கால்நடைகள், குதிரை 2.2 மில்லியனுக்குச் சற்று மேல். அதாவது 8 சதவீதத்தைத் தாண்டிய பங்கு. 2019இல் குதிரை 4.2 மில்லியன். ஏறக்குறைய இரு மடங்கு! பங்கு மட்டும் கீழே இறங்கிவிட்டது. காரணம் வெள்ளாடு. சோசலிச ஆட்சி போய் மந்தைகள் தனியார் கைக்கு வந்த பிறகு, வெள்ளாட்டு மயிரில் கிடைக்கும் காஷ்மீர் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால் ஆளாளுக்கு வெள்ளாட்டைப் பெருக்கினார்கள். 5 மில்லியனாக இருந்தது 29 மில்லியனாயிற்று. செம்மறி 32 மில்லியன். இந்தக் கூட்டத்துக்கு நடுவே குதிரையின் சதவீதம் குறையாமல் என்ன செய்யும்? குதிரை பெருகிய ஒரு நாட்டில் குதிரைக்கு மவுசு போய்விட்டது என்று எழுதுவது ஞாயமா?

மேய்ச்சலை அளக்க மொங்கோலியர்களிடமே நல்ல கணக்கு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் செம்மறியாக மாற்றி எண்ணுவார்கள். ஒரு குதிரை 7 செம்மறிக்குச் சமம், மாடு 6, ஒட்டகம் 5, வெள்ளாடு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பிராணி புல்வெளியிலிருந்து எவ்வளவு தின்னும் என்பதே அடிப்படை. இதே 2019 தொகைகளை இந்த அளவில் போட்டுப் பார்த்தேன். மொங்கோலியாவில் குதிரையின் பங்கு ஏறத்தாழ காற்பங்கு வருகிறது. கசகஸ்தானில் குதிரை 2.8 மில்லியன், மாடு 7.4 மில்லியன், ஆட்டினம் 19 மில்லியன். பன்றியை விட்டுவிட்டு அதே அளவில் கணக்கிட்டால் அங்கேயும் கிட்டத்தட்ட காற்பங்குதான். கூடினால் மொங்கோலியாதான் ஒரு முடி கூட. கட்டுரையில் மலைபோல் தெரிந்த வித்தியாசம் எங்கே போனது? கசகஸ்தானில் வெள்ளாடு குறைவு, மாடு அதிகம், அவ்வளவுதான் விஷயம். கோழியையும் கால்நடையோடு சேர்க்கிற வழக்கப்படி எண்ணினால் கசகஸ்தானின் அந்த 9 சதவீதமும் பாதிக்குக் கீழே போய்விடும். அப்போது யாருக்குப் பட்டம் கொடுப்பார் கட்டுரையாளர்?

இரண்டு நாட்டாரும் குதிரை வைத்திருக்கும் நோக்கமும் ஒன்றல்ல. கசகஸ்தானில் பெருமளவு இறைச்சிக்கு. குதிரை இறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்யும் காஸி அவர்களுடைய விருந்துப் பண்டம். மொங்கோலியரும் தின்பார்கள், ஆனால் அங்கே மந்தை மேய்க்கவும் ஜூலை மாத நாதம் விழாவில் ஓட்டவும் குதிரை வேண்டும். பெண்குதிரைப் பாலைப் புளிக்கவைத்துக் குடிப்பது இரு இடத்திலும் உண்டு. பனிக்காலத்தில் குதிரை குளம்பால் பனியைக் கிளறிப் புல்லை எடுக்கும். அது கிளறிவிட்ட இடத்தில்தான் பின்னால் வரும் ஆடுகள் வாய் வைக்கும். இந்த உதவியை எந்தச் சதவீதத்துக்குள் அடக்குவது?

இதையெல்லாம் எழுதுவதற்கு ஊர்க் காரணமும் ஒன்று உண்டு. பெரும்போகம் தொடங்கி வயல் விதைத்ததும் நமது பட்டிகளை மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அந்த மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, நான் வாசித்த செய்திகளில் வந்ததெல்லாம் இத்தனை ஆயிரம் மாடு என்ற மொத்தத் தொகைதான். அதில் எருமை எத்தனை, பசு எத்தனை, கன்று எத்தனை, அவற்றுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று பிரித்து எழுதியதைக் காணவில்லை. நாட்டு மாடு தின்னும் அளவுக்கா எருமை தின்னும்? மொங்கோலியக் குதிரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய உங்கள் பத்திரிகை, நமது மாவட்டத்துப் பட்டிகளின் கணக்கை இப்படி இனம் பிரித்து, மேய்ச்சல் தரையின் பரப்பையும் பக்கத்தில் போட்டு ஒருமுறை வெளியிட வேண்டும். பெரும்போக விதைப்புக்கு முன்னரே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பட்டிக்கார வாசகன்,
சித்தாண்டி.